செவ்வாப்பேட்டையில் யூனிட் ஏன் தாமதமாகிறது?

20 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையைப் பார்க்காமல் வீட்டு வேலை முடிந்ததும் கிளம்பி, செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்துக்கு வருகிற ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருப்பார்? சில நாள் படியேறியதும் வண்டி வந்துவிடும், சில நாள் முழு 20 நிமிடமும் நிற்க வேண்டும். ஆகவே 10 நிமிடம் என்பீர்கள். வண்டிகள் சீரான இடைவெளியில் வந்தால் அது சரியான விடை.

40 நிமிடத்தில் இப்போதும் இரண்டு வண்டிகள்தான் வருகின்றன, ஆனால் ஒரு இடைவெளி 5 நிமிடம், மற்றது 35 நிமிடம் என்றால்? சராசரி இடைவெளி இப்போதும் 20 நிமிடம்தான். நிமிடத்துக்கு ஒருவர் வீதம் 40 பேர் நிலையத்துக்கு வருகிறார்கள் என்று கொள்ளுங்கள். குறுகிய இடைவெளியில் வந்து சேரும் 5 பேர் சராசரியாக இரண்டரை நிமிடம் நிற்பார்கள். நீண்ட இடைவெளியில் மாட்டிக்கொள்ளும் 35 பேர் சராசரியாகப் பதினேழரை நிமிடம் நிற்பார்கள். மொத்தத்தையும் கூட்டி வகுத்தால் ஆளுக்கு 15.6 நிமிடம். ஒரு வண்டிகூட ரத்தாகவில்லை. ஆனாலும் காத்திருப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

இந்தக் கணக்கில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்றுதான். 40 பேரில் 35 பேருடைய அனுபவம் மோசமான அனுபவம். இரண்டு வண்டிகளில் ஒன்றுதான் பிந்தியது என்று பதிவேடு சொல்லும். நிலையத்தில் நின்றவர்களைக் கேட்டால், 'எப்பவுமே லேட்டு' என்பார்கள். இரண்டும் உண்மை. பயணி மிகைப்படுத்துகிறார் என்று அதிகாரிகள் நினைப்பதற்குக் கணிதத்தில் ஆதாரம் கிடையாது. இடைவெளி எவ்வளவு சீரற்றுப் போகிறதோ அவ்வளவுக்குக் காத்திருப்பு கூடும் என்பதை 1972-ல் ஒசுனாவும் நியூவெல்லும் சூத்திரமாகவே எழுதிவைத்துவிட்டார்கள்.

சென்னை சென்ட்ரலில் இருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டரில், திருவள்ளூருக்கு இரண்டு நிலையம் முன்னால் இருக்கிறது செவ்வாப்பேட்டை. 1856-ல் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிய பாதை இதுதான். 1979-ல் திருவள்ளூர் வரை மின்மயமானது. சென்னையில் மனை வாங்க முடியாதவர்கள் திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை என்று தள்ளித் தள்ளி வந்து வீடு கட்டியிருக்கிறார்கள். அவர்களை அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் பெரம்பூருக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது, யூனிட் என்று நாம் சொல்லும் புறநகர் மின்ரயில். அதை விட்டால் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். ரோட்டுக்குப் போய் பஸ் பிடிக்க வேண்டும். ஆவடியைத் தாண்டுவதற்குள் ஷிஃப்ட் தொடங்கிவிடும். மெட்ரோ ரயில் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"அண்ணா, சென்ட்ரல் வண்டி போயிடுச்சா?"

"இல்லமா, இன்னும் திருவள்ளூர்லருந்தே எடுக்கலயாம்."

காலை நேரத்தில் இந்த நடைமேடையில் அதிகம் கேட்கும் உரையாடல் இதுவாகத்தான் இருக்கும். ஏன் எடுக்கவில்லை என்பதற்குத்தான் யாரிடமும் விடை இருக்காது.

முதல் காரணம், தாமதம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் என்பது. ஒரு வண்டி 3 நிமிடம் பிந்தினால் அடுத்த நிலையத்தில் அந்த 3 நிமிடத்துக்கு உரிய ஆட்களும் சேர்ந்து நிற்பார்கள். அவர்கள் ஏறி இறங்கக் கூடுதல் நேரம் ஆகும். அதனால் வண்டி இன்னும் பிந்தும், அதற்கடுத்த நிலையத்தில் இன்னும் கூட்டம். பின்னால் வரும் வண்டிக்கோ ஆட்கள் குறைவு, அது விரைவாகக் கிளம்பி முன்வண்டியை நெருங்கிவிடும். பஸ்களை வைத்து இதை 1964-ல் நியூவெல்லும் பாட்ஸும் கணக்கிட்டுக் காட்டினார்கள். சீரான இடைவெளி என்பது தானாக நிலைத்திருக்கக்கூடியது அல்ல, இழுத்துப் பிடித்தால்தான் நிற்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. மாலையில் சென்ட்ரலில் கிளம்பும் யூனிட், பேசின் பிரிட்ஜ் தொடங்கி வேப்பம்பட்டு வரை 17 நிலையங்களில் நின்றுதான் செவ்வாப்பேட்டைக்கு வருகிறது. வாசலில் தொங்குகிறவர்கள் இறங்கி வழிவிட்டு மறுபடி ஏற, நிலையத்துக்கு 20 விநாடி கூடுதலாக ஆனால் போதும்: 340 விநாடி, ஏறத்தாழ 6 நிமிடம் போய்விட்டது. எந்த இயந்திரமும் பழுதாகவில்லை.

அடுத்தது சிவப்பு விளக்கு. வண்டி நடுவழியில் நின்றதும் கோபம் வருகிறது. ஆனால் அந்தச் சிவப்பு எப்படி எரிகிறது என்று தெரிந்தால் கோபத்தைச் சரியான இடத்தில் வைக்கலாம். 1872-ல் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த டிராக் சர்க்யூட் இன்றும் உலகமெங்கும் வேலை செய்கிறது. ஒரு தண்டவாளம் வழியாக மெல்லிய மின்னோட்டம் போய் மறு தண்டவாளம் வழியாகத் திரும்புகிறது. அந்த மின்னோட்டம் ரிலே எனப்படும் மின்காந்தச் சுவிட்சைத் தூக்கிப் பிடித்திருக்கும்வரை பச்சை. வண்டி வந்தால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். மின்சாரம் குறுக்கே ஓடிவிட, ரிலே விழுந்து சிவப்பு எரியும். கம்பி அறுந்தாலும், மின்சாரம் போனாலும், தண்டவாளம் உடைந்தாலும் அதேபோல் ரிலே விழுந்து சிவப்புதான் எரியும். சந்தேகம் வந்தால் நிறுத்து என்பதுதான் இந்த அமைப்பின் உயிர்நாடி.

மழைக்காலத்தில் இதுவே தொல்லையாகிறது. தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஜல்லி காய்ந்திருக்கும்போது மின்சாரத்தைக் கடத்தாது. சேறும் குப்பையும் படிந்த ஜல்லி ஈரமானால் கடத்தும். ஒரு தண்டவாளத்தில் இருந்து மற்றதற்கு மின்சாரம் கசிய, வண்டியே இல்லாத இடத்தில் வண்டி இருப்பதாக ரிலே விழுந்துவிடும். இதைத் தவிர்க்கப் பல இடங்களில் ஆக்சில் கவுன்ட்டர் வைக்கிறார்கள். ஒரு பகுதிக்குள் எத்தனை அச்சு நுழைந்தது, எத்தனை வெளியேறியது என்று அது எண்ணும். 12 பெட்டி யூனிட்டுக்கு 48 அச்சு. 48 உள்ளே போய் 47 மட்டும் வெளியே வந்ததாகக் கருவி சொன்னால், ஊழியர் சரிபார்த்து மீட்டமைக்கும்வரை அந்தப் பகுதி சிவப்புதான்.

அடுத்த முறை ஜன்னலோரம் இடம் கிடைத்தால் சிக்னல் கம்பத்தைக் கவனியுங்கள். சில கம்பங்களில் ஆங்கில 'ஏ' எழுத்துப் பலகை இருக்கும். அது தானியங்கி சிக்னல். அதில் சிவப்பு எரிந்தால் ஓட்டுநர் பகலில் 1 நிமிடம், இரவில் 2 நிமிடம் நின்றுவிட்டு, முன்னால் எது இருந்தாலும் நிறுத்தக்கூடிய மிகக் குறைந்த வேகத்தில் எச்சரிக்கையாக நகரலாம். வண்டி நின்று, சிறிது நேரத்தில் ஊர்ந்து, மறுபடி நிற்பதன் ரகசியம் இந்த விதிதான். அந்த எச்சரிக்கை வீண் அல்ல. இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் பிடிமானம் குறைவு. வேகமாக வரும் விரைவு ரயில் நிற்க ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தூரம் வேண்டும். 2024 அக்டோபர் 11 இரவு கும்மிடிப்பூண்டி பாதையில் கவரைப்பேட்டையில் மைசூரு – தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், பக்கத் தடமான லூப் லைனில் நின்ற சரக்கு ரயிலில் மோதியதை நாம் மறக்கக் கூடாது. சிவப்பு விளக்கில் நிற்கும் வண்டியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சிவப்பு இத்தனை அடிக்கடி எரியும்படி பாதையைப் பராமரிப்பதும், திட்டமிடுவதும்தான் குறை.

லெவல் கிராசிங் விஷயமும் இப்படித்தான். கேட்டும் சிக்னலும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. கேட் முழுதாக மூடிப் பூட்டாமல் சிக்னல் பச்சையாகாது. 'இன்னும் ஒரு வண்டி' என்று பைக்கும் வேனும் நுழைந்துகொண்டே இருந்தால் கேட்கீப்பரால் மூட முடியாது. வெளியே 1,000 பேரோடு யூனிட் நிற்கும். மூடினாலோ, அடுத்தடுத்து வண்டி வந்து, ரோட்டில் ஆம்புலன்ஸும் பள்ளி வேனும் நிற்கும். இதற்கு மேம்பாலம் தவிர வேறு வழி கிடையாது. பக்கத்து வேப்பம்பட்டில் மேம்பாலப் பணி பத்தாண்டுக்கு மேலாகப் பாதியில் கிடந்தது. 2023 நவம்பரில் அங்கே தண்டவாளத்தைக் கடந்த ஒரு தந்தையும் இரண்டு மகள்களும் ரயில் மோதி இறந்தார்கள். தாமதமான பாலம் தாமதமான ரயிலைவிடக் கொடியது.

எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு கணக்கு இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் 1909-ல் தொலைபேசி அழைப்புகளை ஆராய்ந்து தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாடு அது. ஒரு பாதை அதன் கொள்ளளவில் 50 சதவீதம் பயன்பட்டால், அந்த இடத்தைக் கடக்க ஒரு வண்டிக்கு ஆகும் நேரத்தைப் போல 1 பங்கு காத்திருப்பு நேரும். 80 சதவீதத்தில் அது 4 பங்கு. 90 சதவீதத்தில் 9. 95 சதவீதத்தில் 19. ரயில்கள் முழுக்கத் தற்செயலாக வருவதில்லை என்பதால் நடைமுறையில் எண்கள் இதைவிடக் குறையும். ஆனால் கடைசிக் கொஞ்ச இடத்தை நிரப்பும்போது தாமதம் செங்குத்தாக ஏறும் என்ற போக்கு மாறாது. இந்திய ரயில்வே நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ஸ்காட் சூத்திரம், ஏட்டுக் கொள்ளளவில் 70 சதவீதத்தையே உண்மையான கொள்ளளவாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. புறநகர்ப் பாதையில் நெரிசல் நேரத்தில்கூட 85 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது சர்வதேச ரயில்வே ஒன்றியத்தின் வழிகாட்டுதல். மிச்சம் வைத்த இடம் வீணாகப் போன இடம் அல்ல, தாமதத்தை விழுங்குகிற இடம்.

இந்தப் பாதையில் அப்படி இடம் இல்லாத இடுக்கு பேசின் பிரிட்ஜ். அரக்கோணம் பாதையும் கும்மிடிப்பூண்டி பாதையும் பணிமனைகளுக்குப் போய்வரும் காலி ரயில்களும் அங்கே சேர்ந்துதான் சென்ட்ரலுக்குள் நுழைய வேண்டும். ஒரு வண்டி தடம் மாறிக் குறுக்கே போகும்போது மற்றவை நிற்க வேண்டும். வியாசர்பாடிக்கும் பேசின் பிரிட்ஜுக்கும் இடையே உள்ள 14-ஆம் எண் பாலத்தில் வெள்ளம் ஏறினால் மொத்தமும் நின்றுவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் 2024 அக்டோபர் மழையிலும் அது நடந்தது. 2025 ஜூலை 13 அதிகாலை திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிய சரக்கு ரயில் தடம்புரண்டு எரிந்தபோது இந்தப் பாதையில் போக்குவரத்து முடங்கியது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தொழிலாளர்கள் தப்பித்தார்கள்.

உலகில் நாம் மட்டும் இப்படி அவதிப்படவில்லை. நியூயார்க் சப்வேயின் சிக்னல்களில் பல 1930-களைச் சேர்ந்தவை. தாமதம் தாங்க முடியாமல் 2017 ஜூனில் மாநில ஆளுநர் அதற்கு அவசரநிலையே அறிவித்தார். பிறகு ஆராய்ந்தபோது, 1995 வில்லியம்ஸ்பர்க் பாலம் விபத்துக்குப் பின் வேகத்தைக் கட்டுப்படுத்த மாற்றியமைத்த சிக்னல்களில் சில தவறாக அளவமைக்கப்பட்டிருந்ததால், அனுமதித்த வேகத்தில் வந்த ரயிலையும் மெதுவாக்கின என்று தெரியவந்தது. அளந்து பார்த்ததால் கண்டுபிடித்தார்கள். ஜப்பானில் ரயில் பிந்தினால் நிலையத்தில் தாமதச் சான்றிதழ் தருகிறார்கள். பயணி அதைத் தன் அலுவலகத்தில் காட்டினால் போதும். அம்பத்தூரில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிற பெண் கால்மணி நேரம் பிந்தினால் அரைநாள் சம்பளம் போகும்; வண்டி லேட் என்பதற்கு அவர் கையில் எந்த அத்தாட்சியும் இல்லை. கைப்பேசியில் வரும்படி இதைச் செய்ய ரயில்வேக்குப் பெரிய செலவே ஆகாது.

தகவல் கொடுத்தாலே பாதிச் சுமை இறங்கும். நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் டிராம் எத்தனை நிமிடத்தில் வரும் என்று பலகை வைத்ததும், காத்திருந்ததாக மக்கள் உணர்ந்த நேரம் சுமார் 20 சதவீதம் குறைந்ததை ஆய்வு காட்டியது. டிராம் முன்பைவிட வேகமாக ஓடவில்லை.

நம் ஊரில் அளக்கும் இடமே தவறு. இந்திய ரயில்வே நேரந்தவறாமையைக் கடைசி நிலையத்தில் வைத்தே கணக்கிடுகிறது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையும் சுட்டிக்காட்டியிருக்கிறது. கடைசி நிலையத்துக்கு முன்னால் அட்டவணையில் சில நிமிடம் தளர்வாக விட்டுவைத்தால், வழியெல்லாம் பிந்திய வண்டியும் அங்கே சரியான நேரத்துக்குச் சேர்ந்துவிடும். செவ்வாப்பேட்டையிலும் புட்லூரிலும் நேமிலிச்சேரியிலும் நின்றவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஒவ்வொரு நிலையத்திலும் வண்டிகளுக்கு இடையே விழுந்த இடைவெளியைத் தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டம் மாதந்தோறும் வெளியிட வேண்டும். வண்டி எப்போது எந்தத் தடத்தில் நுழைந்தது என்று சிக்னல் கருவிகள் ஏற்கெனவே பதிந்துகொண்டுதான் இருக்கின்றன.

அதுவரை நீங்கள் ஒன்று செய்யலாம். 139-க்குப் புகார் சொல்லும்போது 'வண்டி லேட்' என்று மட்டும் சொல்லாதீர்கள். முந்தைய வண்டி செவ்வாப்பேட்டையை விட்டுக் கிளம்பிய நேரம், உங்கள் வண்டி வந்த நேரம், நிலையத்தின் பெயர் ஆகிய மூன்றையும் சொல்லுங்கள். உடன் பயணிப்பவர்களையும் அப்படியே சொல்லச் சொல்லுங்கள்.