உலகம் அழியும்போது ஓர் உரையாடல்

‘தி மிட்நைட் காஸ்பல்’ 2020 ஏப்ரல் 20 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியான அமெரிக்க அனிமேஷன் தொடர். மொத்தம் எட்டே பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மணி நேரம். தியானம், மரணம், மன்னிப்பு, போதை, மறுபிறவி பற்றி இருவர் நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பது காதில் விழும். கண்ணெதிரே பிணங்கள் எழுந்து நடக்கும், பூனைகள் கப்பலோட்டும், மண்டையோட்டு முகத்தோடு மரணமே ஊர்சுற்றக் கிளம்பும். பேச்சுக்கும் படத்துக்கும் பெரும்பாலான நேரம் ஒட்டே இருக்காது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்; தொடரின் பலமும் சில இடங்களில் பலவீனமும் அதுதான்.

தொடரை உருவாக்கியவர்கள் இருவர். பென்டில்டன் வார்டு, 2010 முதல் 2018 வரை கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஓடிய ‘அட்வெஞ்சர் டைம்’ தொடரைப் படைத்தவர். டங்கன் டிரஸ்ஸல் நகைச்சுவைக் கலைஞர். துறவிகள், மந்திரவாதிகள், மருத்துவர்கள், எழுத்தாளர்கள் என்று பலரையும் அழைத்து மணிக்கணக்கில் பேசும் பாட்காஸ்ட் ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்திவருபவர். அந்தப் பதிவுகளிலிருந்து சில உரையாடல்களை எடுத்து, சுருக்கி, கதைக்குத் தேவையான இடங்களில் புதிதாகச் சில வரிகளைப் பேசிப் பதிவுசெய்து இணைத்தார்கள். அதன் மேல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் டைட்மவுஸ் நிறுவனம் படம் வரைந்தது. வழக்கமான அனிமேஷனில் கதை எழுதி, வசனம் எழுதி, அதற்குக் குரல் கொடுப்பார்கள். இதில் குரல் முதலில் வந்துவிட்டது. நிஜமாக நடந்த பேச்சு என்பதால் தடுமாற்றமும் இடைமறிப்பும் எதிர்பாராத சிரிப்பும் அப்படியே இருக்கின்றன. எழுதி நடித்த வசனத்தில் இந்த உயிர் எளிதில் வராது.

பதிவுசெய்த நிஜப் பேச்சுக்குப் படம் வரைவது புதிய உத்தி இல்லை. அமெரிக்கத் தம்பதியான ஜான் ஹப்லியும் ஃபெய்த் ஹப்லியும் தங்கள் பிள்ளைகள் விளையாடிக்கொண்டே பேசியதைப் பதிவுசெய்து 1959-இல் ‘மூன்பேர்டு’ என்ற குறும்படம் எடுத்தார்கள். அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. 1989-இல் பிரிட்டனின் நிக் பார்க், சாதாரண மக்களின் பேட்டிகளை மிருகக்காட்சிசாலை விலங்குகளின் வாயில் பொருத்தி ‘கிரியேச்சர் கம்ஃபர்ட்ஸ்’ படைத்தார். ரிச்சர்டு லிங்க்லேட்டரின் ‘வேக்கிங் லைஃப்’ (2001) கனவு, விழிப்பு, சுதந்திரம் பற்றிய தத்துவப் பேச்சுகளை நடிக்கவைத்துப் படமெடுத்து, பிறகு கணினியில் அதன் மேல் வண்ணம் தீட்டியது. அந்தப் படங்களில் பேசுகிறவர் இருக்கும் இடம் பேச்சோடு ஏதோ ஒரு வகையில் பொருந்தும். வார்டும் டிரஸ்ஸலும் அந்தப் பொருத்தத்தைத் துணிந்து அறுத்துவிட்டார்கள்.

எட்டுப் பகுதிகளையும் கட்டிவைக்க ஒரு மெல்லிய கதை உண்டு. வண்ண நாடா போல விண்வெளியில் நெளியும் ஓர் உலகில் கிளான்சி கில்ராய் என்ற ஒருவன் தன் நாயுடன் தனியாக வாழ்கிறான். அவனிடம் சரியாகப் பராமரிக்கப்படாத ஒரு பழைய இயந்திரம் இருக்கிறது. அதற்குள் தலையை விட்டால், அது உருவாக்கி வைத்திருக்கும் எண்ணற்ற உலகங்களில் ஒன்றுக்குள், ஏதோ ஓர் உடம்பு எடுத்துக்கொண்டு போகலாம். பல உலகங்கள் அழியும் தறுவாயில் இருக்கின்றன. அங்கே எதிர்ப்படும் ஒருவரைப் பேட்டி கண்டு ஒலிபரப்புவது கிளான்சியின் வேலை. திரும்பும்போது நினைவாக ஒரு ஜோடி காலணியை எடுத்துவருவான். வீட்டிலிருந்து வரும் அழைப்புகளை அவன் தட்டிக்கழிக்கிறான், கடனில் இருக்கிறான், இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதே இல்லை. ஊரார் ஞானத்தையெல்லாம் கேட்டுச் சேகரிக்கும் அவனுக்குத் தன் வாழ்க்கையை நேர்செய்யத் தெரியவில்லை என்ற கிண்டல் தொடர் முழுக்க அடியோட்டமாக ஓடுகிறது.

முதல் பகுதியில் அமெரிக்க அதிபர் உருவில் பேசுகிறவர் மருத்துவர் ட்ரூ பின்ஸ்கி. போதைப்பொருள்கள் நல்லவையா கெட்டவையா என்பது பேச்சு. சுற்றிலும் நடைபிணங்கள் மனிதர்களைக் கடித்துக் குதறுகின்றன. இரண்டாவது பகுதியில் எழுத்தாளர் ஆன் லமோட் ஒரு விசித்திரப் பிராணியாக வந்து சாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இறைச்சி ஆலைக்குள் இழுக்கப்பட்டு அரைபடுகிறார், அரைபட்ட பிறகும் பேச்சு தொடர்கிறது. மூன்றாவது பகுதியின் விருந்தினர் டேமியன் எக்கோல்ஸ். செய்யாத கொலைக்காகத் தண்டிக்கப்பட்டேன் என்று சொல்லிவந்த இவர், 1994 முதல் 17 ஆண்டுகளுக்கு மேல் மரண தண்டனைக் கைதியாக இருந்து 2011-இல் வெளியே வந்தவர். சிறையில் தம்மைக் காப்பாற்றியது தியானமும் மாந்திரீகப் பயிற்சியும்தான் என்கிறார். படத்தில் அவர் கண்ணாடித் தொட்டியில் நீந்தும் மீன். பூனை மாலுமிகளுக்குத் தலைவர். நான்காவது பகுதி, பௌத்த ஆசிரியை ட்ரூடி குட்மனை வாளேந்திய வீராங்கனையாக்குகிறது.

இப்படிப் பட்டியலிட்டால் வெறும் கிறுக்குத்தனம் போலத் தோன்றும். பார்க்கும்போது வேறொன்று நடக்கிறது. கண் ஒரு பக்கமும் காது ஒரு பக்கமும் இழுக்க, பார்ப்பவர் கவனம் அடிக்கடி நழுவுகிறது. நழுவியது தெரிந்ததும் மறுபடி பேச்சுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. தியானம் பழகுகிறவர்களுக்கு இந்த நழுவலும் திரும்பலும் நன்கு பழக்கமானவை. ஆனால் எல்லா இடத்திலும் இது பலிப்பதில்லை. முதல் பகுதியில் துப்பாக்கிச் சத்தத்துக்கிடையே பின்ஸ்கி சொல்வதில் பாதி காற்றோடு போய்விடுகிறது. ஐந்தாவது பகுதியில்தான் முதல்முறையாகப் படமும் பேச்சும் உண்மையாகக் கைகோக்கின்றன. சிறையிலிருந்து தப்ப முயலும் ஒரு கைதி ஒவ்வொரு முறையும் செத்து, மறுபடி அதே அறையில் கண்விழிக்கிறான். அவனோடு பிணைக்கப்பட்ட ஆன்மப் பறவையின் குரலில் எழுத்தாளர் ஜேசன் லூவ் பிறவிச் சுழலைப் பற்றிப் பேசுகிறார். கைதி வாய்திறந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் அவனிடம் கொஞ்சம் மூர்க்கம் குறைகிறது.

உலகத்துக்குள் உலகம் வைத்து ஞானம் பேசுவது தமிழ் வாசகர்களுக்கு அந்நியமானதில்லை. வடமொழி யோக வாசிட்டமும், வீரை ஆளவந்தார் அதைத் தமிழ்ச் செய்யுளாக்கிய ஞான வாசிட்டமும் வசிட்டர் இராமனுக்குச் சொல்லும் உரையாடல்கள்தாம். அவற்றுள் வரும் கதைகளோ தலைசுற்ற வைப்பவை. காதி என்ற அந்தணன் நீரில் மூழ்கி எழும் நேரத்துக்குள் செத்து, வேறு குலத்தில் பிறந்து, ஒரு நாட்டுக்கு அரசனாகி, எல்லாம் இழந்து தீயில் விழுந்துவிடுகிறான். எழுந்து பார்த்தால் அதே நீர்நிலையில் நிற்கிறான். லீலை என்ற அரசியின் கணவன் இறந்துகிடக்கும் அரண்மனை அறைக்குள்ளேயே இன்னொரு பேருலகம் இயங்க, அவன் அங்கே வேறு பெயரில் ஆட்சி செய்கிறான். வாசிட்டத்தில் கதை முடிந்ததும் வசிட்டர் பொருளை விளக்கிவிடுவார். கிளான்சியின் உலகங்களை யாரும் விளக்குவதில்லை.

தொடருக்கு இந்தியத் தொடர்பு நேரடியாகவும் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளராக இருந்த ரிச்சர்டு ஆல்பர்ட், 1967-இல் இமயமலை அடிவாரத்தில் நீம் கரோலி பாபாவைச் சந்தித்து ராம் தாஸ் ஆனார்; 1971-இல் அவர் வெளியிட்ட நூல் ஒரு தலைமுறை அமெரிக்க இளைஞர்களைக் கிழக்கே திருப்பியது. டிரஸ்ஸல் அவருடைய வழியைப் பின்பற்றுகிறவர். இரண்டாவது பகுதியில் குரல் கொடுத்திருக்கும் ரகு மார்கஸும் பாபாவின் சீடர்தான். தொடர் வெளிவருவதற்கு நான்கு மாதம் முன்பு, 2019 டிசம்பர் 22 அன்று, ராம் தாஸ் காலமானார்.

ஏழாவது பகுதியில் மரணத்தின் குரலாக வருபவர் கெய்ட்லின் டௌட்டி. இவர் ஈமச்சடங்கு நிலையம் நடத்தியவர்; சாவைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேச வேண்டும் என்று 2011-இல் ஓர் அமைப்பு தொடங்கியவர். அமெரிக்காவில் சாவு எப்படி வீட்டைவிட்டுப் போய்த் தொழிலாக மாறியது என்பதுதான் இவர் பேச்சின் சாரம். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் மாண்ட சிப்பாய்களைத் தொலைதூர ஊர்களுக்கு அனுப்ப உடலைப் பதப்படுத்தும் முறை பரவியது. 1865-இல் கொல்லப்பட்ட அதிபர் லிங்கனின் பதப்படுத்திய உடலை ரயிலில் ஊர் ஊராகக் கொண்டுபோனதும் அந்த வழக்கத்துக்கு மதிப்பு கூடியது. அதன்பின் இறந்தவரைக் குளிப்பாட்டி உடுத்தும் வேலை குடும்பத்தார் கையிலிருந்து நிறுவனங்களின் கைக்குப் போனது.

இந்தப் பகுதியை விருதுநகர் மாவட்டத்தின் வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பார்ப்பவர்களுக்கு டௌட்டி ஏன் இவ்வளவு வாதாடுகிறார் என்று தோன்றலாம். நீர்மாலை எடுத்துவந்து உறவினரே குளிப்பாட்டி, கோடித் துணி போர்த்தி, வாய்க்கரிசி போடும் ஊர்களில் சாவு இன்னும் வீட்டு வாசலில்தான் இருக்கிறது. ஆனாலும் வாடகை ஐஸ் பெட்டி வந்துவிட்டது. வெளியூரில் இருக்கும் மகன் வரும்வரை கண்ணாடிக்குள் காத்திருக்கும் உடலும், ரயிலேறிய சிப்பாயின் உடலும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை: பிள்ளைகள் தூரத்தில் இருக்கிறார்கள்.

கடைசிப் பகுதிதான் தொடரின் உச்சம். அதில் பேசுகிறவர் டிரஸ்ஸலின் தாய், உளவியலாளர் டெனீன் ஃபெண்டிக். முற்றிய மார்பகப் புற்றுநோயோடு இருந்த அவரிடம் மகன் 2013-இல் பதிவுசெய்த உரையாடல் அது. சில வாரங்களில் அவர் இறந்துவிட்டார். உடம்பை உள்ளிருந்து உணர்வது எப்படி என்று தாய் சொல்லித்தருகிறார். நெஞ்சு உடைந்தால் என்ன செய்வது என்று மகன் கேட்க, அழத்தான் வேண்டும் என்கிறார். படத்தில் தாய் மகனைப் பெறுகிறாள், அவன் வளர்கிறான், அவள் முதிர்ந்து இறக்கிறாள். பிறகு மகனே தாயைப் பெற்றெடுக்கிறான். இந்தப் பகுதியில் படம் பேச்சோடு போட்டியிடுவதில்லை, அதன் பின்னாலேயே வருகிறது. முந்தைய பகுதிகளின் கூத்தெல்லாம் இதற்கு எடுத்த ஒத்திகையோ என்று நினைக்கத் தோன்றும்.

அதே விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷியின் வரலாற்றிலும் இப்படி ஒரு கட்டம் உண்டு. ரமணர் பேசாதிருந்த காலத்தில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு எழுதிக்காட்டிய பதில்களே ‘நான் யார்?’ என்ற சிறுநூலாயின. 1922 மே 19 அன்று தாய் அழகம்மாள் இறக்கும் தறுவாயில் இருந்தபோதோ கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. தாயின் நெஞ்சில் ஒரு கையும் தலையில் ஒரு கையும் வைத்தபடி மகன் உயிர் அடங்கும்வரை உடனிருந்தார். டிரஸ்ஸல் கையில் இருந்தது ஒலிவாங்கி. பேச்சை நம்பும் கலைஞனால் அப்படித்தான் உடனிருக்க முடிந்தது.

தொடர் வெளியான வாரங்களில் உலகின் பெரும்பகுதி கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்தது. உலகம் அழிவதைப் பார்த்தபடி சாவைப் பற்றிப் பேசும் படைப்பு அந்த வேளையில் வந்தது தற்செயல்தான் என்றாலும் பலருக்கு அது பொருந்திப்போனது. இரண்டாவது பருவம் வரவில்லை; 2022-இல் தொடர் கைவிடப்பட்டது உறுதியானது. ரத்தமும் கெட்ட வார்த்தைகளும் நிறைந்த இது குழந்தைகளுக்கான கார்ட்டூன் அல்ல. வரிசையாகப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் ஐந்தாவது, ஏழாவது பகுதிகளைப் பார்த்துவிட்டு எட்டாவதுக்குப் போகலாம்.