மாலை ஏழு மணியும் கிணற்று மோட்டாரும்

திருப்பூர் வட்டாரத்தில் கோடை பிறந்துவிட்டால் மோட்டார் காயில் கட்டும் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். அவிநாசி பக்கத்தில் ஒரு விவசாயியின் 5 குதிரைசக்தி மோட்டார் ஒரே மாதத்தில் இரண்டு முறை எரிந்தது. ஆழ்துளைக் கிணறு என்பதால் மோட்டாரை மேலே எடுக்க ஆள் கூலி, வண்டி வாடகை, காயில் கட்டும் செலவு எல்லாம் இரண்டு முறை. இதற்கிடையில் தக்காளி வாடிப்போயிற்று. "ஏனுங்க சார், காயில் கட்டறவன் கம்பியில ஏமாத்திட்டானுங்களா?" என்று அவர் கேட்டார்.

நான் மாலை ஏழு மணிக்கு அவருடைய ஸ்டார்ட்டர் பலகை முன்பு போய் நின்றேன். மூன்று பேஸ் மின்சாரத்தில் இரண்டு பேஸ்களுக்கு இடையே 415 வோல்ட் இருக்க வேண்டும். வோல்ட் மீட்டர் முள் 340-ஐத் தாண்டவில்லை. மறுநாள் பகல் இரண்டு மணிக்குப் பார்த்தால் 400-க்கு மேல் நின்றது. அதே மோட்டார், அதே கம்பி, அதே டிரான்ஸ்பார்மர். காயில் கட்டியவர் மேல் குற்றமில்லை.

வோல்டேஜ் 415-லிருந்து 340-க்கு இறங்கினால் மோட்டாரின் இழுவிசை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். தண்ணீரை மேலே தள்ள வேண்டிய சுமையோ குறைவதில்லை. ஆகவே மோட்டார் அதிக ஆம்பியரை இழுக்கிறது. ஆம்பியர் கூடினால் காயிலில் சூடு ஏறும். சூடு ஏறினால் வார்னிஷ் கருகும். ஒரே நாளில் எரியாவிட்டாலும் பத்து நாள் இப்படி ஓடினால் எரியும்.

மாலையில் வோல்டேஜ் எங்கே போகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிராமங்களில் பெரும்பாலும் காணப்படும் 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒரு பேஸுக்குச் சுமார் 85 ஆம்பியர் தரவல்லது. 5 குதிரைசக்தி மோட்டார் ஒன்றுக்கு ஏழரை ஆம்பியர் என்று வைத்தால், ஆறு மோட்டார் ஓடும்போது 45 ஆம்பியர் போய்விடும். மீதி 40. இரண்டு கிலோவாட் கீசரோ இண்டக்ஷன் அடுப்போ ஒன்றுக்கு ஒன்பது ஆம்பியர் வேண்டும். ஒரே பேஸில் ஐந்து வீடுகளில் இவை ஒரே நேரத்தில் ஓடினால் 45 ஆம்பியர். அவ்வளவுதான், டிரான்ஸ்பார்மர் திணறத் தொடங்கும். லைனின் கடைசிக் கம்பத்தில் இருப்பவருக்கு நிலைமை இன்னும் மோசம்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் தோட்டத்துச் சாளையில் இரண்டு குண்டு பல்பும் ஒரு ரேடியோவும்தான் எரிந்தன. இன்று அதே கம்பத்திலிருந்து லைன் வீடுகளுக்கும் மின்சாரம் போகிறது. தண்ணீர் வற்றிய காட்டில் விவசாயியே கட்டி, பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்ட வீடுகள். வாடகை வருவது நல்லதே. பல குடும்பங்கள் வறட்சியில் அதைக் கொண்டுதான் பிழைத்தன. ஆனால் பனியன் கம்பெனி ஷிப்ட்டுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் திரும்புகிறார்கள். காலை எட்டரைக்குள் கம்பெனியில் நிற்க வேண்டுமென்று ஆறரைக்கே எல்லா வீட்டிலும் அடுப்பும் வெந்நீரும். ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்கு மேல் வந்தால் மறுபடியும் அடுப்பு, குளியல், இஸ்திரி.

பி.ஏ.பி. பாசனம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆயக்கட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து ஏன் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள்? எல்லா மடையையும் ஒரே நாளில் திறந்தால் கடைமடைக்குச் சொட்டுத் தண்ணீர் போகாது. மின்சாரத்திலும் கடைமடை உண்டு. அங்கே இருப்பது பெரும்பாலும் நமது கிணறுதான்.

மாநில அளவிலும் இதே கதைதான். 2024 மே 2-ஆம் தேதி தமிழகத்தின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. 2012-இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் தவித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரத்தைக் குதிரில் நெல் போலக் கொட்டி வைக்க முடியாது. தேவைப்படும் நொடியில் உற்பத்தி செய்தாக வேண்டும். வால்பாறை மலையில் உள்ள காடம்பாறை நிலையத்தில், மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, உச்ச நேரத்தில் திறந்துவிட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். அதன் திறன் 400 மெகாவாட். 20,000-த்துக்கு முன் 400 எம்மாத்திரம்!

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் நானே கூட்டங்களில், "மோட்டாரை நடு இரவில் ஓட்டுங்கள், அப்போதுதான் வோல்டேஜ் நன்றாக இருக்கும்" என்று சொல்லி வந்தேன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன். சூரிய மின்சாரம் பெருகிய பிறகு, பகல் பத்து மணி முதல் நான்கு மணி வரைதான் மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும் நேரம். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை கைகொடுக்கும். மற்ற மாதங்களில் மாலையில் சூரியனும் இல்லை, காற்றும் இல்லை. 2022 செப்டம்பரில் வந்த கட்டண ஆணை, காலை 6 முதல் 10 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் உச்ச நேரம் என்று வகுத்து, உயரழுத்த மின் இணைப்புள்ள ஆலைகளுக்கு அந்த நேரத்தில் 25 சதவீதம் கூடுதல் கட்டணம் விதித்தது. வீடுகளுக்கு அப்படி நேரக் கட்டணம் வைக்கவில்லை. அதனால் நேரத்தைப் பற்றி வீட்டில் யாரும் கவலைப்படுவதில்லை.

சிக்கனம் என்றதும் விளக்கை அணைப்பதையே பேசுகிறோம். ஒரு கீசர் இழுக்கும் மின்சாரத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்புகள் இருநூறுக்கு மேல் எரியும். மாவு ஆட்டும் மேசை கிரைண்டர் சுமார் 150 வாட்தான். ஆகவே, "சாயங்காலத்தில் மாவு ஆட்டாதே" என்று வீட்டுப் பெண்களைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை. சூடு உண்டாக்கும் கருவிகளைத்தான் கவனிக்க வேண்டும்: கீசர், இண்டக்ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, கெட்டில். இவற்றில் இஸ்திரியை விடுமுறை நாள் மத்தியானத்துக்கு மொத்தமாகத் தள்ளிவிடலாம். மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரையும் பகலிலேயே ஓட்டித் தொட்டியை நிரப்பிவிடலாம். வெந்நீருக்குத் தென்னை மட்டையும் கொட்டாங்குச்சியும் தோட்டத்தில் சும்மா கிடக்கின்றன. பழைய தாமிர பாய்லரைப் பழைய பாத்திரக்காரருக்குப் போட்டுவிட்டு கீசர் வாங்கியவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். லைன் வீடு கட்டியவர்கள் எட்டு வீட்டுக்கு எட்டு கீசர் மாட்டுவதற்கு முன், மொட்டை மாடியில் சூரிய வெந்நீர்க் கலத்துக்கு விலை விசாரித்துப் பார்த்தல் நலம்.

வீட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள் பவர் மிஷினின் மோட்டாரைக் கவனியுங்கள். பழைய கிளட்ச் மோட்டார், தைக்காமல் துணி மடிக்கும் நேரத்திலும் சுழன்றுகொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் மிதிக்கும்போது மட்டும் ஓடும். மின்விசிறியை மாலையில் அணைக்கச் சொல்ல முடியாது. ஆனால் 75 வாட் பழைய விசிறி கெட்டுப்போகும்போது, 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறியாக வாங்கினால் அந்த நேரத்துச் சுமை பாதிக்கு மேல் குறையும்.

நேரத்தை மாற்றினால் மட்டும் வீட்டு பில் குறைந்துவிடாது; யூனிட் அதேதான். யூனிட்டைக் குறைத்தால்தான் பில் குறையும். 2022 கட்டண அடுக்கின்படி இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கே விலை இரட்டித்தது. நேரத்தை மாற்றுவதன் பலன் மோட்டாருக்கு, அதாவது பயிருக்கு. மின் கட்டணத்துக்காக 1970-இல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான வட்டாரம் இது. மின்சாரத்தைப் பற்றி விவசாயிக்குப் புத்தி சொல்ல வருபவரைச் சந்தேகத்தோடு பார்ப்பதும் நியாயமே. அதனால்தான் பக்கத்துக் கம்பத்துக் கணக்கைச் சொன்னேன்.

அவிநாசி விவசாயி செய்ததையும் சொல்லிவிடுகிறேன். மாலை ஆறு முதல் பத்து வரை மோட்டாரைத் தொடுவதில்லை. கரண்ட் வந்ததும் தானே ஓடும் ஆட்டோ ஸ்டார்ட்டரை நிறுத்திவிட்டார். எல்லாத் தோட்டத்திலும் மோட்டார்கள் ஒரே நொடியில் கிளம்பினால், கிளம்பும்போது இழுக்கும் ஐந்தாறு மடங்கு ஆம்பியரில் பீஸ் போய்விடும். 5 குதிரைசக்திக்கு ஏற்ற 2 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டரும், வோல்டேஜ் குறைந்தாலோ ஒரு பேஸ் போனாலோ மோட்டாரை நிறுத்தும் ரிலேயும் மாட்டினார். தம் லைன் வீட்டுக்காரர்களை உட்காரவைத்துப் பேசினார். ஆறு வீட்டில் நான்கு வீடு இஸ்திரியை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டது, இரண்டு வீடு முடியாது என்றுவிட்டது.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, மூன்று பேஸ்களின் வோல்டேஜையும் காலை ஏழு, பகல் இரண்டு, மாலை ஏழு என்று பதினைந்து நாள் குறித்தார். ஒரு பேஸ் மட்டும் எப்போதும் தாழ்ந்தே இருந்தது. லைன் வீடுகள் எல்லாம் அந்த ஒரு பேஸிலேயே இருந்தன. நோட்டுடன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் இளநிலைப் பொறியாளரைப் பார்த்து, வீடுகளை மூன்று பேஸுக்கும் பிரித்துப் போடும்படி மனுக் கொடுத்தார். மூன்று வாரத்தில் கம்பத்தில் ஆள் ஏறினார்கள்.