டோக்கன் யார் கையில்?



குக்கின்னா பிஸ்கட்தானே என்று கேட்கிறீர்களா? இது தின்கிற குக்கி இல்லை, பிரவுசருக்குள் இருக்கிற குக்கி. இதைப் பற்றி எழுதக் காரணம் எங்க அக்காதான்.

போன வருஷம் அக்கா காலேஜ் விண்ணப்பம் போட பிரவுசிங் சென்டருக்குப் போனாள். மெயிலைத் திறந்து பார்த்தாள். வேலை முடிந்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வந்துட்டாள், லாக்-அவுட் செய்யவில்லை. அடுத்து உட்கார்ந்தவர் யாரோ, அக்கா பெயரில் அவள் தோழிகளுக்கெல்லாம் கண்டபடி மெயில் அனுப்பிவிட்டார். அக்கா ரெண்டு நாள் சாப்பிடவே இல்லை. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாதே, எப்படி நடந்தது?

குக்கி என்பது என்ன?

இணையதளத்துக்கு ஞாபக சக்தி கிடையாது. ஒவ்வொரு பக்கம் கேட்கும்போதும் நம்மைப் புது ஆளாகத்தான் பார்க்கும். 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மாண்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தளம் ஒரு சின்னக் குறிப்பை பிரவுசரிடம் கொடுத்து வைக்கும். அடுத்த தடவை போகும்போது பிரவுசர் அதைக் காட்டும். அதுதான் குக்கி.

சைக்கிள் ஸ்டாண்டை நினைத்துப் பாருங்கள். வண்டியை விட்டால் டோக்கன் தருவார்கள். திரும்பப் போய் டோக்கனைக் காட்டினால் வண்டி கிடைக்கும். காட்டுகிறவர் யார் என்று பெரும்பாலும் பார்க்க மாட்டார்கள். பாஸ்வேர்டு, ஓ.டி.பி. எல்லாம் போட்டு உள்ளே போனதும் நமக்குக் கிடைப்பதும் அப்படி ஒரு டோக்கன்தான். அது யார் கையில் இருக்கோ, அவர்தான் 'நாம்'!

இப்போது வந்திருக்கும் புது ஆள்

ஏ.ஐ. ஏஜென்ட் கேள்விக்குப் பதில் சொல்வதோடு நிற்காது. தானே பிரவுசரில் கிளிக் செய்யும், படிவம் நிரப்பும், மெயில் படிக்கும். பெர்ப்ளெக்சிட்டியின் காமெட் 2025 ஜூலையிலும், ஓபன்ஏஐ-யின் அட்லஸ் அதே வருஷம் அக்டோபரிலும் வந்தன. நாம் லாக்-இன் செய்து வைத்திருக்கும் தளங்களில் நமக்காக இவை வேலை செய்யும். அதாவது, நம்ம டோக்கன் எல்லாம் அதன் கையில்.

ஏஜென்ட் திருடனா? இல்லை. நல்ல பையன்தான். ஆனால் வழியில் யாராவது "உங்க அண்ணன்தான் சொல்லச் சொன்னார், சைக்கிளை என்கிட்ட குடு" என்றால் கொடுத்துடுவான். நாம் இட்ட கட்டளை எது, படிக்கிற பக்கத்தில் எவரோ எழுதி வைத்தது எது என்று அதற்குச் சில நேரம் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

2025 ஆகஸ்டில் பிரேவ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ரெடிட் தளத்தில் ஒரு பின்னூட்டத்துக்குள் கட்டளையை ஒளித்து வைத்தார்கள். "இந்தப் பக்கத்தைச் சுருக்கிச் சொல்" என்று மட்டும்தான் காமெட்டிடம் கேட்கப்பட்டது. அது ஒளிந்திருந்த கட்டளைப்படி மெயில் முகவரியை எடுத்து, ஜிமெயிலைத் திறந்து, ஓ.டி.பி.யைப் படித்து, ரெண்டையும் அதே பக்கத்தில் பதிலாகப் போட்டுவிட்டது! ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்கவில்லை. ஏன்னா குக்கி ஏற்கனவே உள்ளே இருந்தது.

இதற்கு முழு மருந்து இன்னும் கிடைக்கவில்லை. அதனால் ஜாக்கிரதையாகக் கொடுப்பதுதான் வழி.

என்ன செய்யலாம்?

1. ஏஜென்டுக்கென்று பிரவுசரில் தனி புரொஃபைல் வையுங்கள். அதில் வங்கி, சொந்த மெயில் எதையும் திறக்காதீர்கள். இல்லாத டோக்கனை யாராலும் பிடுங்க முடியாது.
2. தகவல் தேட மட்டும் என்றால் லாக்-இன் இல்லாமலே தேடச் சொல்லுங்கள்.
3. லாக்-இன் வேண்டியே ஆகணும் என்றால், அந்த ஒரு தளத்துக்கு மட்டும் கொடுங்கள். முடிந்தால் அதற்கென்று தனிக் கணக்கு தொடங்குங்கள்.
4. குக்கியை காப்பி செய்து சாட்டில் ஒட்டவே ஒட்டாதீர்கள். அது பாஸ்வேர்டை எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.
5. பணம் கட்டுவது, மெயில் அனுப்புவது, அழிப்பது இந்த மூன்றுக்கும் முன்னால் "உங்களைக் கேட்டுச் செய்" என்று வையுங்கள். கேட்கும்போது படிக்காமல் 'சரி' அழுத்தாதீர்கள்.
6. வேலை முடிந்ததும் லாக்-அவுட் செய்யுங்கள். பக்கத்தை மூடினால் டோக்கன் செத்துப் போகாது. சந்தேகம் வந்தால் "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்பதை அழுத்தி, பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

அக்கா விஷயத்தில் நாற்காலியில் ஒரு ஆள் வந்து உட்கார வேண்டியிருந்தது. இனிமேல் ஆளே வர வேண்டாம், ஒரு வரி எழுத்து போதும். வருமுன் காப்போம்!

நம்ம கம்ப்யூட்டர் லேபில் இருந்து எழும்போது லாக்-அவுட் செய்தீர்களா? ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டு வாங்க.

— பதினொன்றாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு