43 அம்பியரும் மூன்று மாதக் கெடுவும்

யன்னல், வைப்பர், ரேடியேற்றர் விசிறி, பக்கக் கண்ணாடி என்று வாகனத்தின் நாலைந்து மோட்டர்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் கட்டுப்பாட்டு போர்டுகளை இன்று கொழும்பு முதலாம் குறுக்குத்தெருவில் போய் வாங்கலாம். கைபேசியில் ஓர்டர் செய்தால் ஏறாவூருக்கும் களுவாஞ்சிகுடிக்கும் பார்சலாகவே வந்து சேரும். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலம் முழுக்கப் பழைய வானையும் ஓட்டோவையும் எப்படியாவது ஓட வைக்க வேண்டியிருந்தது. கராஜில் வேலை செய்கிற தம்பிமார், வந்தாறுமூலையில் படிக்கிற பிள்ளைகள், வீட்டில் மின்னணுவியல் பழகுகிறவர்கள் எல்லாரும் இப்படியான போர்டுகளை எடுத்துப் பார்க்கிறார்கள். நல்ல விடயம். ஆனால் வாங்கிய போர்டைச் சோதிப்பது தொழில்நுட்ப வேலை மட்டுமல்ல, உங்கள் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையும் அதில்தான் தங்கியிருக்கிறது.

முதலில் போர்டின் விளம்பரத்தில் இருக்கும் எண்ணைப் பார்ப்போம். பீடீஎஸ்7960 என்ற சிப் இரண்டு பொருத்திய சின்னப் போர்டு இங்கே பரவலாக விற்பனையாகிறது. ‘43 அம்பியர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். சிப்பைத் தயாரித்த இன்ஃபினியன் நிறுவனத்தின் தரவுத்தாளில் 43 அம்பியர் என்பது, மின்னோட்டம் அளவுமீறும்போது சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தடுத்து நிறுத்துகிற எல்லை. மணிக்கணக்கில் ஓட்டக்கூடிய அளவு அதுவல்ல. அந்தத் தாளின்படி மின்னோட்டம் போகும் பாதையின் தடை, 25 பாகை வெப்பத்தில், சுமார் 16 மில்லி ஓம். 20 அம்பியர் போனால் 6.4 வாற்று வெப்பம் வரும். 43 அம்பியர் போனால் கிட்டத்தட்ட 30 வாற்று. ஈயம் உருக்கும் சாதாரண சோல்டரிங் அயனின் சூடு அது. போர்டின் முதுகில் ஒட்டியிருக்கும் சின்ன அலுமினியத் துண்டு இதைத் தாங்காது.

எல்298என் சிப் பொருத்திய போர்டும் இதே கதைதான். ஒரு மோட்டருக்கு 2 அம்பியர், இரண்டுக்கும் சேர்த்து 4 அம்பியர் என்பது அதன் எல்லை. அந்த 2 அம்பியரில் ஓடும்போது சிப்புக்குள்ளேயே 4.9 வோல்ற் வரை இழப்பாகலாம். 12 வோல்ற் கொடுத்தும் மோட்டர் ஏன் சோம்பலாகச் சுற்றுகிறது என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில். பொம்மைக் காருக்கு இது போதும், வானின் யன்னலுக்குப் போதாது.

நமது மட்டக்களப்பு வாவிக்கரைக்கென்று இன்னொரு ஆபத்தும் உண்டு. கல்லடியிலோ நாவற்குடாவிலோ நிற்கும் வாகனத்தின் பொனற்றைத் திறந்து பற்றரி முனையைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். பற்றரி அமிலத்தோடு உப்புக் காற்றும் சேர்ந்து செய்யும் வேலை அது. அப்படி அரித்த முனை, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கணம் கழன்றால், ஓல்ரனேற்றர் அதுவரை பற்றரிக்கு அனுப்பிய மின்சாரம் போக இடமில்லாமல் வயரிங்கிலேயே பாயும். 12 வோல்ற் வாகனத்தில் இந்தப் பாய்ச்சலுக்காக ஐஎஸ்ஓ 16750-2 தரம் வைத்திருக்கும் சோதனை அளவு 79 முதல் 101 வோல்ற் வரை. பாதுகாப்புப் பொருத்திய ஓல்ரனேற்றருக்கு 35 வோல்ற். மேலே சொன்ன பீடீஎஸ்7960இன் வேலை எல்லையோ 27.5 வோல்ற். ஆகவே மேசையில் பற்றரி வைத்து ஓட்டும்போது நன்றாக இருந்த போர்டு வாகனத்தில் போட்டதும் எரிந்தால், அதைத் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிட முடியாது. மிகையழுத்தத்தைத் தடுக்கும் டயோடும் சரியான பியூஸும் போடாமல் எந்தப் போர்டையும் வாகன வயரில் இணைக்க வேண்டாம்.

வாங்கிய முதல் வாரத்திலேயே சோதியுங்கள். மோட்டரை வெறுமனே சுற்றவிட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. மோட்டர் இறுகி நிற்கும்போது எடுக்கும் மின்னோட்டம் சாதாரணமாகச் சுற்றும்போது எடுப்பதைப்போல் பல மடங்கு. ஒரு மோட்டரை இறுக்கிப் பிடித்து, கிளாம்ப் மீற்றரில் ஒரு சில விநாடிகள் மட்டும் அளந்துகொள்ளுங்கள். பிறகு எல்லா மோட்டரையும் ஒரே கணத்தில் தொடங்குங்கள். தனித்தனியே ஒழுங்காக ஓடியவை ஒன்றாகத் தொடங்கும்போது மின்னழுத்தம் இறங்கி, போர்டின் மூளையான சிப் மறுதொடக்கமாகலாம். அந்த இடைவெளியில் மோட்டர்கள் நிற்கின்றனவா, தாறுமாறாகச் சுற்றுகின்றனவா? ஓடும்போது சமிக்ஞை வயரைப் பிடுங்கினால் என்ன நடக்கிறது? நிற்காவிட்டால் அந்தப் போர்டு வாகனத்துக்கு ஆகாது. இவை எல்லாவற்றையும் கைபேசியில் காணொளியாக எடுத்துத் திகதியோடு வைத்திருங்கள்.

திகதி ஏன் முக்கியம் என்றால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நம் பிள்ளைகள் போர்டை வாங்கி மேசை லாச்சியில் வைத்துவிட்டு, செயற்றிட்டம் ஒப்படைக்கும் வாரத்தில்தான் வெளியே எடுப்பார்கள். அதற்குள் கெடு முடிந்துவிடும். கெடுவுக்குள் போனால், விற்பவர் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ தந்த உத்தரவாதத்துக்குப் பொருள் பொருந்தாதபோது, விசாரணை நடத்தி நட்டஈடு, மாற்றுப் பொருள், பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கட்டளையிட அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு. தொலைபேசி இலக்கம் 1977. எழுத்து முறைப்பாட்டை எங்கே கொடுப்பது என்று கச்சேரியிலும் விசாரிக்கலாம். கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டியது கடைக்காரரின் சட்டக் கடமை. ‘பில் போட்டால் விலை கூடும்’ என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இன்னும் பழைய சட்டம் ஒன்றும் நமக்குத் துணை நிற்கிறது: 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். என்ன தேவைக்கு வாங்குகிறோம் என்று சொல்லி, கடைக்காரரின் அறிவை நம்பி வாங்கினால், அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் தேவைக்குப் பொருந்துவதைத் தர வேண்டும். ஆனால் வர்த்தகப் பெயரைச் சொல்லி ‘அதுதான் வேணும்’ என்று கேட்டு வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கைநழுவிப் போகும். ஆகவே பணம் கட்டுமுன் வாட்ஸ்அப்பில் இப்படிக் கேளுங்கள்: ‘அண்ணன், 12 வோல்ற் வானில ரெண்டு யன்னல் மோட்டரும் ஒரு விசிறியும் ஓட்டணும். இறுகி நிக்கும்போது ஒவ்வொண்டும் 20 அம்பியர் எடுக்குது. இதுக்குப் பொருத்தமான போர்டு எது?’ அவர் ஒன்றைக் காட்டி ‘இது தாங்கும் தம்பி’ என்று எழுதினால் அந்த ஒரு வரி பின்னாளில் உங்களைக் காக்கும். மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு தகவலின் செல்லுபடியை மறுக்க முடியாது என்று 2006 ஆம் ஆண்டின் மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டம் சொல்கிறது.

பெரிய நிறுவனங்களின் அசல் மதிப்பீட்டு போர்டுகளை வாங்குவோர் அவற்றோடு வரும் நிபந்தனைத் தாளை வாசிக்க வேண்டும். இது ஆய்வுகூடச் சோதனைக்கு மட்டும், முடிவான பொருள் அல்ல என்று பொதுவாக அதில் இருக்கும். அப்படிப்பட்ட போர்டை வாகனத்தில் நிரந்தரமாகப் பூட்டிவிட்டு நட்டஈடு கேட்டால் அந்த வரி உங்களுக்கு எதிராகவே நிற்கும். பிரேக், ஸ்டியரிங், அக்சிலேற்றர் பக்கம் இந்தப் போர்டுகள் எதையும் கொண்டுபோகவே கூடாது. யன்னலிலும் கவனம் வேண்டும். தானாக மூடும் யன்னல் தடையில் முட்டினால் 100 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 10 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாண்டுமுன் திரும்ப இறங்க வேண்டும் என்று வெளிநாட்டு விதிகள் சொல்வது குழந்தைகளின் விரலையும் கழுத்தையும் எண்ணித்தான்.

எஞ்சினைக் கழற்றி மின்மோட்டர் பொருத்துவது வேறு விடயம். எரிபொருள் வகை பதிவுப் புத்தகத்தில் இருப்பதால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி முதலில் வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்து, அந்தக் கடிதத்தின் பிரதியை வைத்திருங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கியவர்கள் இங்கே முறைப்பாடு செய்து விற்றவரைப் பிடிப்பது கடினம். அந்தத் தளத்தின் முறைப்பாட்டுக் காலம் முடியுமுன் படத்தோடு பதிவு செய்யுங்கள். அட்டையில் பணம் கட்டியிருந்தால் அட்டை தந்த வங்கியிலும் உடனே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். உள்ளூர்க் கடையோடு பேசித் தீர்க்க முடியும் என்று தோன்றினால், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்கும் போகலாம். எங்கே போனாலும் பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல், சோதனைக் காணொளி, எரிந்த போர்டு நான்கும் கையில் இருக்கட்டும். எரிந்ததைக் கோபத்தில் குப்பையில் போட்டுவிட வேண்டாம்.