தபலா இல்லாத கஜல்: ‘வல்ச்சர் பிரின்ஸ்’ ஏன் பேசப்பட்டது?

கஜல் கச்சேரி என்றால் ஹார்மோனியமும் தபலாவும்தான் முதலில் ஞாபகம் வரும். பாகிஸ்தானின் லாகூரில் வளர்ந்து, நியூயார்க்கின் புரூக்ளினில் வசிக்கும் பாடகி அரூஜ் அஃப்தாப், 2021-ல் வெளியிட்ட ‘வல்ச்சர் பிரின்ஸ்’ ஆல்பத்தில் இந்த இரண்டையும் ஓரங்கட்டிவிட்டார். பதிலுக்கு வந்தவை ஹார்ப், கிடார், டபுள் பாஸ். ஜாஸ் வாசனை தூக்கல். ஆனால் பாடுவது உருது.

ஆல்பம் வேலை நடந்துகொண்டிருந்தபோது, 2018-ல், அவருடைய தம்பி மாஹெர் இறந்துபோனார். தம்பிக்குத்தான் இந்த ஆல்பம் சமர்ப்பணம். அழுகைச் சத்தம் எங்கும் இல்லை. குரல் கடைசிவரை தணிந்தே ஒலிக்கிறது. கேட்கிறவருக்குத்தான் தொண்டையை அடைக்கும்.

பழைய கவிதையை இவ்வளவு தூரம் மாற்றிப் பாடலாமா? கஜலின் கட்டமைப்பே அதற்கு இடம் தருகிறது. இரண்டிரண்டு அடிகளாக வரும் ஒவ்வொரு ஈரடியும் தனித்து நின்று பொருள் தரும். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுவது ஒரே இயைபும் திரும்ப வரும் சொல்லும்தான். அதனால் பாடகர் சில ஈரடிகளை விட்டுவிடலாம், ஒன்றையே நாலு தடவை சுற்றிச் சுற்றிப் பாடலாம். மெஹ்தி ஹசன் பாடிப் புகழ்பெற்ற, ஹஃபீஸ் ஹோஷியார்புரியின் கஜல்தான் இங்கே ‘மொஹப்பத்’ ஆகியிருக்கிறது. அதே மெட்டை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஏறத்தாழ எட்டு நிமிடம், அவசரமே இல்லாமல் நகர்கிறது. 2022-ல் சிறந்த உலகளாவிய இசை நிகழ்த்துகைக்கான கிராமி விருது இதற்குக் கிடைத்தது. பாகிஸ்தான் பெண் ஒருவர் கிராமி வென்றது அதுதான் முதல்முறை.

‘தியா ஹை’ பாட்டில் 19-ம் நூற்றாண்டு மிர்சா காலிப்பின் வரிகளோடு பிரேசில் கலைஞர் பாடி அசாத்தின் கிடார் சேர்கிறது. ரூமி கவிதையின் ஆங்கில வடிவத்தை ரெகே தாளத்தில் பாடும் ‘லாஸ்ட் நைட்’ துணிச்சலான முயற்சி. ஆனால், மற்ற பாடல்களோடு அவ்வளவாக ஒட்டவில்லை என்றே சொல்லணும்.

எல்லாமே பழங்கவிதை இல்லை. ‘சான்ஸ் லோ’ பாட்டை எழுதியவர் அரூஜின் தோழி, பத்திரிகையாளர் ஆனி அலி கான். அவரும் 2018-ல் மறைந்தவர்தான்.

உருது தெரியாதவர்கள் ஹார்ப் ஒலியோடு தொடங்கும் ‘பாகோன் மே’யை முதலில் கேட்கலாம். சிதார் பிடித்தவர்களுக்கு 2022 பதிப்பில் சேர்க்கப்பட்ட ‘உதேரோ நா’ இருக்கு. அதில் வாசித்திருப்பவர் அனுஷ்கா சங்கர்.