நாயர் கடை நோட்டும் வங்கிக் கார்டும்

எண்பதுகளில் கல்லூரி விடுதிக்கு எதிரே ஒரு நாயர் கடை அநேகமாக இருக்கும். ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று சுவரில் அட்டை தொங்கும். அதற்குக் கீழேயே, கல்லாப் பெட்டி ஓரமாக, பற்று நோட்டும் கிடக்கும். டீ, வடை, சிகரெட் எல்லாம் அறை எண்ணின் பேரில் அதில் ஏறும். ஊரிலிருந்து மணியார்டர் வந்ததும் கணக்குத் தீரும். மணியார்டர் பிந்தினால் கைக்கடிகாரம் அடகுக் கடைக்குப் போகும். மாணவனுக்கு இருந்த கடன் வசதி மொத்தமும் இவ்வளவுதான். சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா 1980-லேயே கிரெடிட் கார்டு கொண்டுவந்துவிட்டது. ஆனால் அது வசதியுள்ளவர்கள் சமாசாரம்.

அந்த நோட்டை நான் ஒரேயடியாகக் கொண்டாட மாட்டேன். இரண்டு டீ மூன்றாக ஏறியதும் உண்டு. கடைசிப் பரீட்சையோடு பாக்கியை மறந்து பஸ் ஏறியவர்களும் உண்டு. ஆனால் வட்டி கிடையாது. தொகை மிஞ்சிப் போனால், “தம்பி, பழசைக் குடுத்துட்டுப் புதுசை எழுதிக்கலாம்” என்று கடைக்காரரே நோட்டை மூடிவிடுவார். கடன் வளர்ந்தால் நஷ்டம் அவருக்கு.

இன்று சம்பளச் சீட்டு இல்லாத மாணவருக்கும், 18 வயது நிறைந்திருந்தால், கார்டு கிடைக்க வழி இருக்கிறது. வங்கியில் பிக்சட் டெபாசிட் போட்டு, அதை ஈடாகக் காட்டிக் கார்டு வாங்குவதுதான் அது. 20,000 ரூபாய் போட்டால் அதில் பெரும்பகுதி செலவு வரம்பாகக் கிடைக்கும். டெபாசிட்டுக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். 2022-லிருந்து ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ-யோடு இணைக்கவும் முடிகிறது. அதே டீயை இப்போது வங்கிக் கடனில் குடிக்கலாம்! நடுவில், ப்ரீபெய்டு கார்டில் கடனை ஏற்றித் தந்த செயலிகள் இளைஞர்களிடம் கொடிகட்டிப் பறந்தன. 2022 ஜூனில் ரிசர்வ் வங்கி அதற்குத் தடை போட்டது.

முதல் கார்டுக்கு என் சிபாரிசு, ஆண்டுக் கட்டணம் இல்லாத இந்த டெபாசிட் கார்டுதான். விமான நிலைய ஓய்வறை, ரிவார்டு பாயின்ட் எல்லாம் மாணவருக்கு எதற்கு?

உண்மையான வித்தியாசம் பில் வரும்போது தெரியும். 10,000 ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். ‘குறைந்தபட்சம் 500 கட்டினால் போதும்’ என்று பில்லில் இருக்கும். வட்டி மாதம் 3.5 சதவீதம் என்றால் 350 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 63 ரூபாய். கட்டிய 500-ல் 413 இதற்கே போய்விடும். அசலில் குறைவது 87 ரூபாய். போதாததற்கு, பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். ஏடிஎம்மில் அந்தக் கார்டைச் செருகிப் பணம் எடுத்தாலும் அதே கதை, கட்டணம் தனி. நாயருக்குப் பாக்கி நஷ்டம். வங்கிக்குப் பாக்கிதான் வருமானம். நோட்டை மூடச் சொல்ல இங்கே யாரும் வரமாட்டார்கள். முழுத் தொகையும் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி முதல் நாளே ஏற்பாடு செய்துவிடுங்கள். ‘மினிமம்’ என்பதைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம்.

இன்னொன்று. நாயர் கடைப் பாக்கி அந்தத் தெருவைத் தாண்டாது. கார்டுப் பாக்கியோ சிபில் போன்ற நிறுவனங்களின் ஏட்டில் ஏறிவிடும். 300 முதல் 900 வரையிலான மதிப்பெண்ணாக, நாளை வீட்டுக் கடன் கேட்கும் மேஜை வரை கூடவே வரும். ஒழுங்காகக் கட்டினால் அதே ஏடு உங்களுக்குச் சாட்சி சொல்லும். வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம், பாருங்கள்.

கேட்காத கார்டை உங்கள் தலையில் கட்ட வங்கிக்கு அனுமதி இல்லை. வாங்கிய கார்டு வேண்டாம் என்று தோன்றினால், பாக்கியைத் தீர்த்துவிட்டு மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி 7 வேலை நாளுக்குள் மூடியாக வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும்.