போனுக்குப் பெயர் தந்த தினை: ஆய்வகங்கள் ஏன் இந்தப் பயிரைத் தேடுகின்றன?

உங்கள் கையில் இருப்பது ஷாவ்மி போனா? அந்தப் பெயரே ஒரு தானியம்தான். சீன மொழியில் ‘ஷாவ்மி’ என்றால் தோல் நீக்கிய தினை. நேர்ப்பொருள், ‘சின்ன அரிசி’.

2020-ல் சீன விஞ்ஞானிகள் ஒரு குட்டித் தினைச் செடிக்கும் இதே பெயரை வைத்தார்கள். அது சாப்பாட்டுக்காக உருவாக்கிய ரகம் இல்லை. ஆய்வகத்துக்கென்றே உருவான செடி. அது எதற்கு என்று பார்க்கும் முன், நம்ம ஊர்த் தினையைப் பார்த்துவிடலாம்.

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூரில் நின்று நிமிர்ந்தால் ஜவ்வாது மலை. மேலே பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை என்று மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிட வேண்டாம், இவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். மழையை நம்பிய சரிவு நிலங்களில் சாமைதான் முக்கியப் பயிர். கூடவே கேழ்வரகு, தினை. சங்கப் பாடல்களில் குறிஞ்சி நிலத்தின் அடையாளமே தினைப்புனம்தான். வள்ளி பரண் மேல் நின்று கிளி விரட்டியதும் தினைக்குத்தான்.

அந்தப் பழைய பயிரின் மீதுதான் இப்போது உலக ஆய்வகங்களின் கண்.

தினை எங்கிருந்து வந்தது?

தாவரவியல் பெயர் செட்டேரியா இட்டாலிகா. பெயரில் இத்தாலி இருந்தாலும், பிறந்த இடம் வட சீனா. அங்கே வயல் ஓரத்தில் முளைக்கும் ஒரு களைப்புல்லிலிருந்து, சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் இதைப் பயிராக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் காட்டுப்புல் இன்றைக்கும் இருக்கிறது. தினையோடு அதைக் கலப்பினம் செய்யவும் முடியும். ‘காட்டுச் செடி எப்படிப் பயிர் ஆனது?’ என்று ஆராய்கிறவர்களுக்கு அப்பாவும் பிள்ளையும் ஒன்றாகக் கிடைத்த மாதிரி.

அப்படி என்ன ஸ்பெஷல்?

விஷயம் இலைக்குள் இருக்கிறது. எல்லாச் செடியும் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துத்தான் உணவு தயாரிக்கிறது. அதைப் பிடிக்கிற வேலை ‘ரூபிஸ்கோ’ என்ற நொதிக்கு. ஆனால் ரூபிஸ்கோவுக்கு ஒரு குறை உண்டு. வெயில் ஏற ஏற, கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அந்தத் தவறைச் சரிசெய்யவே செடியின் சக்தியில் கணிசமான பங்கு போய்விடும். நெல்லும் கோதுமையும் இந்தச் சிக்கலில் மாட்டிய பயிர்கள்.

தினை வேறு வழியைக் கையாள்கிறது. இலையின் வெளிச் செல்கள் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, நரம்பைச் சுற்றியுள்ள உள்செல்களுக்கு பம்ப் மாதிரி தள்ளிவிடும். ரூபிஸ்கோ அந்த உள்ளறையில்தான் வேலை செய்கிறது. சுற்றிலும் கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருப்பதால் தவறு குறைகிறது. இதற்கு ‘சி4 ஒளிச்சேர்க்கை’ என்று பெயர். மக்காச்சோளம், கரும்பு, கம்பு எல்லாம் இந்த வகைதான்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. காற்றுக்காக இலைத்துளைகளை அகலத் திறந்து வைக்கத் தேவையில்லை. நீர் ஆவியாவது குறையும். ஒரு கிராம் உலர் எடை உருவாக தினைக்குச் சுமார் 257 கிராம் நீர் போதும். மக்காச்சோளத்துக்கு 470, கோதுமைக்கு 510. மழை பெய்தால்தான் தண்ணீர் என்கிற சரிவு நிலத்தில் இந்த வித்தியாசம் ரொம்பப் பெரிது.

மக்காச்சோளம் இருக்க, ஏன் தினை?

ஆராய்வதற்குத் தினை எளிது, அவ்வளவுதான். அதன் மரபணுத் தொகுதியில் சுமார் 50 கோடி எழுத்துகள். மக்காச்சோளத்தில் 200 கோடிக்கும் மேல். கரும்பு இன்னும் சிக்கல். தினை தன் மகரந்தத்தாலேயே கருவுறும், 80 - 90 நாளில் அறுவடைக்கு வரும், ஒரே கதிரில் ஆயிரக்கணக்கில் விதை தரும்.

2012-ல் அமெரிக்கா, சீனா என இரு நாட்டுக் குழுக்கள் தினையின் மரபணு வரிசையைத் தனித்தனியாக வெளியிட்டன. 2020-ல் வந்த ‘ஷாவ்மி’ செடி, சுமார் இரண்டு மாதத்தில் விதையிலிருந்து விதைக்கு வந்துவிடும். 2023-ல் சீனக் குழு ஒன்று 1,844 தினை மாதிரிகளை அலசி, அவற்றில் 110-ன் மரபணுத் தொகுதிகளை விரிவாகத் தொகுத்தது. இந்தியாவிலும் டெல்லியின் தேசிய தாவர மரபணு ஆராய்ச்சி நிறுவனத்தில் மனோஜ் பிரசாத் குழு தினையின் வறட்சி தாங்கும் திறனை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறது.

பெரிய கனவு ஒன்றும் இருக்கிறது. நெல்லுக்கும் இந்த சி4 பம்பைப் பொருத்த முடியுமா? 2008 முதல் சர்வதேசக் குழு ஒன்று முயல்கிறது. தினையின் காட்டு அப்பாவும் அந்த ஆய்வில் ஒரு மாதிரிச் செடி. அந்த நெல் இன்னும் வயலுக்கு வரவில்லை. இலையின் உள்ளமைப்பையே மாற்றுகிற வேலை, லேசில் முடியாது.

இதனால் நம்ம விவசாயிக்கு என்ன?

மலைக்குத் தெற்கே, திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. கடைகளில் ‘ஏடிஎல்’ என்ற முன்னெழுத்தோடு வரும் சாமை, தினை, வரகு, பனிவரகு ரகங்கள் இந்த மையத்தினுடையவை.

ஆனால் நல்ல விதை மட்டும் போதாது. கேழ்வரகையும் கம்பையும் அப்படியே அரைக்கலாம். தினை, சாமை, வரகு, குதிரைவாலிக்குக் கடினமான மேல்தோல் உண்டு. உரித்தால்தான் சாப்பாடு. ஒரு காலத்தில் அது முழுக்கப் பெண்களின் உரல், உலக்கை வேலை. மெஷின் பக்கத்தில் இல்லாவிட்டால், தோலோடு வியாபாரிக்கு விற்றுவிடுவதுதான் வழி. உரித்த பிறகு கூடும் விலை அடிவாரத்துக்குக் கீழே போய்விடும். 2011 முதல் ரேஷனில் இலவச அரிசி கிடைக்கிறது. பசியைப் போக்கிய திட்டம்தான். கூடவே, தினை குத்திச் சமைக்கும் அவசியமும் குறைந்தது.

விதைக்கிறவர்கள் விட்டுவிட்டால்?

ஹைதராபாத் அருகே இக்ரிசாட் விதை வங்கியில் 1,500-க்கும் மேற்பட்ட தினை மாதிரிகள் குளிரில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் உறைந்த விதை, சேகரித்த நாளில் இருந்தபடியே இருக்கும். மலையில் வருஷா வருஷம் விதைக்கும் விதையோ மாறும் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொண்டே வரும். வறட்சியைத் தாங்கும் புதுக் குணம் அங்கேதான் உருவாகும். 2023-ன் சீன ஆய்வுக்கும் நாட்டு ரகங்களும் காட்டுச் செடிகளும்தான் அடித்தளம். விதைக்க ஆள் இல்லையென்றால், ஆய்வகத்துக்கு வரும் புது மாதிரியும் நின்றுவிடும்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

100 கிராம் தினையில் சுமார் 12 கிராம் புரதம். வெள்ளை அரிசியில் 7-க்கும் கொஞ்சம் குறைவு. நார்ச்சத்தும் தினையில் அதிகம். ஆனாலும் அதில் 60 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் ‘சிறுதானியம்தானே’ என்று அளவில்லாமல் சாப்பிடக் கூடாது. ரொம்ப வெளுப்பாக, பளபளவென்று இருந்தால் அதிகம் பாலிஷ் செய்தது. மங்கிய மஞ்சள் நிறமே நல்லது. மலைவாழ் உற்பத்தியாளர் குழுக்கள் உரித்துப் பாக்கெட் போட்டது கிடைத்தால், அதை எடுங்கள். உரித்த கூலி மலையிலேயே தங்கும். அடுத்த ஆடியிலும் அங்கே தினை விதைக்க அது ஒரு காரணமாகும்.